ஆறு பேர் வராத சுற்றுலா

போன மாதம் நிவேதா போன் செய்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. என் காலத்துப் பீரோவைத் திறந்து என் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் அவள்தான்.

"சார், ஒரு டவுட். வருசா வருசம் ஸ்டாஃப் அவுட்டிங்குக்குக் கரெக்டா ஆறு பேர் வர மாட்டேங்கறாங்க. லைனுக்கு ஒருத்தர். போன வருசம் வராதவங்க இந்த வருசம் வராங்க, வேற ஆறு பேர் நின்னுடறாங்க. அன்னைக்கு லீவு சார். ஆனா கம்பெனிக்கு வந்து மெஷின் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கினு இருக்காங்க. ஏன்னு கேட்டா சிரிக்கறாங்க. கேம்ஸ் போரடிக்குதா?"

"கேம்ஸ் மேல தப்பு இல்லம்மா. தப்பு என் மேல" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அரை மணி நேரம் நான் பேச அவள் கேட்டாள். முடிவில், "இதை எழுதிக் குடுங்க சார், ஃபைல்ல வச்சுக்கறேன்" என்றாள். ஃபைலில் வைக்கிற மாதிரி எழுத எனக்கு வராது. எனக்கு வருகிற மாதிரி எழுதுகிறேன். அவளிடம் போனில் சொல்லாத ஒன்றையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது டைம் ஆபீசில். வருகைப் பதிவு, யூனிபாரம், கேன்டீன், ஷிஃப்ட் பஸ் என்று வேறு யாரும் தொடாத வேலையெல்லாம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு 'அட்மின்' என்று பெயர் வைத்தார்கள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களை வெட்டி, முனை அழுத்தி, கட்டாகக் கட்டி அனுப்புகிற தொழிற்சாலை எங்களுடையது. ஆறு லைன். வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். காஞ்சிபுரம், ஏனாத்தூர், ஓரிக்கை, வாலாஜாபாத் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஒன்றாம் லைன்காரிக்கு ஐந்தாம் லைன்காரியின் பெயர் தெரியாது. தெரிந்தாலும் ஆகாது.

அதைச் சரிசெய்ய 'டீம் பில்டிங்' என்று ஒன்றை மேலிடம் கண்டுபிடித்தது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வழக்கம்போல அதுவும் என் மேஜைக்கு வந்தது.

முதல் வருடம் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான்கு பஸ் பிடித்து, பூ, தேங்காய் சகிதம் ஒரு கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காஞ்சிபுரத்துக்காரர்களைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். "எங்க தெருவுலயே மூணு கோவில் இருக்குது சார், இதுக்கு எதுக்கு பஸ்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவன் நூற்றுத் தொண்ணூறு பேரைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டான்.

அடுத்த வருடம் சுதாரித்துக்கொண்டேன். கடற்கரைப் பக்கம் மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு தோட்ட விடுதி. மரம், நிழல், கழிப்பறை, கைகழுவத் தண்ணீர். பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் இடத்தின் அழகைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். விசில் ஊதி விளையாட்டு நடத்த சென்னையிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் கொண்டுவருவது விசிலும் கயிறும்தான். ஜனங்களைக் கலப்பது என் வேலை.

அதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டில் தறி. நெய்து முடித்ததும் வெட்டிப்போடுகிற பட்டு நூல் முனைகளை வாங்கி வைத்துக்கொள்வேன். ஆறு நிறம். பஸ் ஏறும்போது ஆளுக்கொரு நூலை மணிக்கட்டில் கட்டிவிடுவேன். ஒரே லைன்காரர்கள் இருவருக்கு அடுத்தடுத்து ஒரே நிறம் வராது. அன்றைக்கு முழுக்க அந்த நிறம்தான் அவர்கள் அணி, சாப்பாட்டுப் பந்தியும் அதன்படிதான். சாயங்காலம் திரும்ப பஸ் ஏறும்போது நூலை அவிழ்த்துப் படிக்கட்டில் வைத்திருக்கும் குடத்தில் போட வேண்டும். போன நூலும் வந்த நூலும் ஒன்றானால்தான் பஸ் கிளம்பும். தலையை எண்ணினால் தப்பும், ஒருத்தி குனிந்தால் போயிற்று. நூல் தப்பாது.

இன்னொரு வழக்கம், டைம் ஆபீசில் இருந்தே பழகியது. வராதவர்களுக்குத்தான் முதல் சாப்பாடு. கம்பெனியில் காவலுக்கு இருக்கும் செக்யூரிட்டி மூன்று பேர், ஜெனரேட்டர் பார்க்கிற ஒருவர், ஆக நான்கு சாப்பாடு. கேன்டீன்காரர் செல்வம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு போன் செய்த பிறகுதான் எங்கள் பந்தியில் இலை விழும்.

இனி விஸ்வநாதன். அப்போதைய பிளான்ட் மேனேஜர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார், ஆபீஸ் பையனாக இருந்தாலும் சரி. தண்ணீர் டம்ளரைத் தானே எடுத்து நம் பக்கம் நகர்த்துவார். எதையும் எழுதித் தர மாட்டார், வாயால்தான் சொல்வார். சொல்லி முடித்ததும், "திருப்பிச் சொல்லுங்க, கருணாகரன்" என்பார். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். கடைசியில், "நீங்க பாத்துக்குவீங்க." அந்த ஒரு வார்த்தைக்காக நான் நெருப்பில் குதித்திருப்பேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, உண்மை அதுதான்.

ஆறாவது சுற்றுலா நெருங்கியபோது அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தத் தடவை எல்லாரும் வரணும். ஒருத்தர் விடாம. மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ் எல்லாரும். மூணாவது லைன் மெர்சி எப்பவும் வர்றதில்லையாமே? அவங்களும்."

திருப்பிச் சொன்னேன். தலையாட்டினார். நான் கதவு வரை போன பிறகு, "ஆங், அன்னைக்கு உள்ளே பெயிண்டிங் வேலை இருக்கு. கம்பெனிக்கு நாற்பது சாப்பாடு சேர்த்துச் சொல்லிடுங்க" என்றார். அதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நானும் கவனிக்கவில்லை.

மெர்சி மூன்றாம் லைனில் பதினொரு வருடமாக வேலை செய்கிறவள். அந்த லைனின் முப்பத்துநாலு பெண்களுக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான். வீடு ஓரிக்கையில். அவள் அம்மா வழியில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கண்டது இவள்தான். நான் அவள் வீட்டுக்கே போனேன். நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"நான் வரமாட்டேன்னு தெரியும்தான சார்?"

"தெரியும். ஏன்னுதான் தெரியாது."

"இதுக்கு முன்னாடி ஒரு கம்பெனில இருந்தேன். பொங்கலுக்கு நாலு நாள் லீவு உட்டாங்க. சந்தோசமா போயிட்டு திங்கக்கெழம வந்து பாத்தா கேட்ல பூட்டு. உள்ள ஒரு மெஷின் இல்ல. அதுலருந்து எல்லாரும் ஒண்ணா லீவுன்னா எனக்குப் பயம் சார். டூர் அன்னிக்கெல்லாம் நான் காலைல பஸ் புடிச்சி நம்ம கேட் வரைக்கும் வந்து பாத்துட்டுதான் வீட்டுக்குப் போவேன்."

ஐந்து வருடமாக அவள் செய்துவந்ததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"நம்ம கம்பெனி அப்படியில்லம்மா. செக்யூரிட்டி இருக்காங்க. என்னை நம்பி வா. நான் பொறுப்பு."

டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க சொல்றதால வரேன் சார்" என்றாள்.

அப்படித்தான் அந்த வருடம் நூற்றுக்கு நூறு வந்தது. காலையில் பஸ் படிக்கட்டில் நின்று மெர்சியின் கையில் பச்சை நூலைக் கட்டும்போது எனக்கு மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

விளையாட்டு நன்றாகப் போனது. கயிறு இழுக்கும் போட்டியில் பச்சை அணிக்கு மெர்சிதான் கடைசி ஆள். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, "இழுடி, இழுடி! சோறு துன்னலியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் விசில் பையன் ஓரமாக ஒதுங்கிவிட்டான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதினொன்றரை மணிக்கு செல்வம் போன் செய்தார்.

"சார், சாப்பாடு குடுத்துட்டேன். ஆனா கிரேன்காரங்க இன்னும் அஞ்சு கேக்கறாங்க. அனுப்பட்டுமா?"

"பெயிண்டிங்குக்கு எதுக்குப்பா கிரேன்?"

"பெயிண்டிங்கா? மெஷினத் தூக்கிக்கினு இருக்காங்க சார். ஒரு லாரி அப்பவே போயிடுச்சி. இன்னும் ரெண்டு நிக்குது."

"எந்த லைன்?"

"பச்சைத் தரை போட்ட எடம் சார்."

பச்சைத் தரை மூன்றாம் லைன். அதில் ஆறு மெஷின்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். விஸ்வநாதன் ஆறு மெஷினை நாற்பது சாப்பாட்டில் மறைத்திருந்தார். அந்தச் சாப்பாட்டை ஆர்டர் செய்தவன் நான். ஆட்களை அப்புறப்படுத்தியவனும் நான்.

மெஷின் போனால் லைன் போயிற்று. மறுநாள் அந்தப் பெண்கள் வந்து நிற்கும்போது, "வேலை இல்லை, என்ன செய்வது" என்று மெதுவாகச் சொல்லிவிடலாம். அதுதான் திட்டம் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தென்னை மரத்தடிக்குப் போய் விஸ்வநாதனுக்கு போன் செய்தேன். அவர் மறுக்கவே இல்லை. வேறு மாநிலத்தில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டுக்குப் போகிறது என்றார். அதே மெல்லிய குரல்.

"சாப்பாடு முடியட்டும். விளையாட்டு முடியட்டும். அஞ்சு மணிக்கு நானே அங்க வந்து எல்லார்கிட்டயும் பேசறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். திருப்பிச் சொல்லுங்க, கருணாகரன்."

நான் திருப்பிச் சொன்னேன். "சாப்பாடு முடியட்டும். அஞ்சு மணிக்கு நீங்க வந்து பேசுவீங்க. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நீங்க பாத்துக்குவீங்க."

பயம்தான். வேறு காரணம் சொல்லி நியாயப்படுத்த மாட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியாதவன்போல நடமாடினேன். பந்தி போட்டேன். "சாம்பார் இந்தப் பக்கம்" என்று கத்தினேன். பரிசு கொடுத்தபோது கை தட்டினேன்.

இரண்டேகால் மணிக்கு மெர்சி என்னிடம் வந்தாள். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

"சார், ரெண்டு லட்டு எடுத்துக்கினேன். நம்ம செக்யூரிட்டி அண்ணனுக்குக் குடுக்கலாம்னு. பாவம், நம்ம எல்லாம் இங்க ஆடிக்கினு இருக்கறோம், அவரு கேட்லயே உக்காந்து கம்பெனியப் பாத்துக்கினு இருப்பாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. விசில் பையனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி எல்லோருக்கும் சொன்னேன். மூன்றாம் லைன் மெஷின்களைக் கழற்றுகிறார்கள், பஸ் ஏறுங்கள் என்றேன். முதலில் மெர்சிதான் பேசினாள்: "மெஷின் இருந்தா பேசலாம். மெஷின் போயிட்டா யார்கிட்டடி பேசறது? ஏறுங்க." நூல் எண்ண நேரம் இல்லை. என் வேலைக்காலத்தில் எண்ணாமல் கிளம்பிய பஸ்கள் அவை மட்டும்தான்.

நான்கு மணிக்குக் கம்பெனி வாசலில் இறங்கினோம். ஒரு லாரி இரண்டு மெஷினோடு கேட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் லைன் மட்டுமில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் நூல் கட்டிய கைகள் எல்லாம் கலந்து உட்கார்ந்தன. ஒன்றாம் லைன்காரியும் ஐந்தாம் லைன்காரியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. கம்பெனி ஆசைப்பட்ட டீம் பில்டிங் உருப்படியாக நடந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

லாரி போகவில்லை. மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்தார்கள், பல நாள் பேச்சு நடந்தது. இரண்டு மெஷின் அதே இடத்தில் திரும்ப இறங்கியது. அதில் பன்னிரண்டு பேருக்கு வேலை. மெர்சி அதில் ஒருத்தி. பதினொரு பேரை மற்ற லைன்களில் சேர்த்துக்கொண்டார்கள். மிச்சம் பதினொரு பேருக்கு இடம் இல்லை, போனார்கள்.

விஸ்வநாதன் என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல எழுந்து நின்றார், தண்ணீரை நகர்த்தினார். "திருப்பிச் சொன்னீங்களே, கருணாகரன்" என்றார். அவ்வளவுதான். என் மேல் கை வைத்தால் கலவரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். சில மாதங்களில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

எனக்கோ நல்ல பெயர். 'பஸ்ஸைத் திருப்பின சார்' என்றார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், ஒருத்தி அழுதாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

இதுவரையும், ஆறு பேர் நின்றுவிடுகிற காரணத்தையும்தான் நிவேதாவுக்குச் சொன்னேன். பதினொன்றரை மணி போனை அவளிடம் இரண்டேகால் மணி போனாக்கிவிட்டேன். இத்தனை வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

செல்வம் பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒண்ணரை மணி வரைக்கும் நாலு மெஷின் உள்ளதான் சார் இருந்துது." அங்கிருந்து கம்பெனிக்கு ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். பதினொன்றரைக்கே கிளம்பியிருந்தால் ஒன்றேகாலுக்கு வந்திருப்போம். ஒரு மெஷினுக்கு ஆறு பேர் என்றால், வேலை போன பதினொரு பேருக்கும் இடம் இருந்திருக்கும். நான் பந்தி பரிமாறிய நேரத்தில் போனது அவர்களுடைய மெஷின்கள். அவர்களில் ஒருத்தியைச் சில சமயம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். "நல்லாருக்கீங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்கிறாள். எனக்குத்தான் நிற்க முடிவதில்லை.

அடுத்த வருடம் சுற்றுலா நெருங்கும்போது மெர்சி என் மேஜைக்கு வந்தாள். ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். லைனுக்கு ஒன்றாக ஆறு பெயர். முதல் பெயர் அவளுடையது.

"இவங்க டூருக்கு வரமாட்டாங்க சார். இங்க இருப்பாங்க. வருசத்துக்கு ஆறு பேரு, மாறி மாறி. எங்களுக்குள்ள பேசி வச்சிக்கினோம்."

"சரிம்மா" என்றேன். "இங்க வழக்கமா நாலு சாப்பாடு. இனிமே பத்து. மொதல்ல அதுதான் வரும்."

அவள் போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"கயிறு இழுத்துக்கினு இருக்கும்போதுதான் சார் உங்களுக்குப் போன் வந்துது. நான் கடைசியா நின்னேன் இல்ல, எனக்கு நேரா அந்தத் தென்னைமரம். போன்ல பேசி முடிச்சிட்டு நீங்க மரத்தப் புடிச்சிக்கினு நின்னதப் பாத்தேன். வீட்டுல யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். சாயந்தரம் லாரி முன்னால உக்காந்தப்பதான் புரிஞ்சுது."

நான் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லவும் மாட்டேன். நீங்க அப்பவாவது சொன்னீங்க. ஆனா இனிமே போன் வந்தா ஒடனே சொல்லுங்க. சாப்பாடு முடியட்டும்னு காக்காதீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"போன் வந்தா உடனே சொல்றேன். சாப்பாடு முடியட்டும்னு காக்க மாட்டேன்" என்றேன்.

அப்படிச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானாகத்தான் திருப்பிச் சொன்னேன்.